நிறம் பார்த்துக் கொடுத்த மாத்திரை

அன்பு மகனுக்கு, நீ போன இடத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம்.

இதுவரைக்கும் அம்மா சொன்னது அண்ணா, இனிமேல் நான். கோழி கிளறின மாதிரி எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கு வலது கட்டைவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க வராது, நான் சொல்லச் சொல்ல நீ எழுது என்றாள், சொன்னது இரண்டு வரி, அதில் ஒரு வரி பொய். போனில் நீ கேட்டாலும் நல்லாயிருக்கோம் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டாள், நானோ போனைக் கையில் வாங்கினால் ம் என்பதைத் தாண்ட மாட்டேன், சும்மாவா எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தாய். அதனால் நடந்தது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். என்னடி இவ்வளவு எழுதுறே, நான் இத்தனையா சொன்னேன் என்று அம்மா எட்டி எட்டிப் பார்க்கிறாள், பார்க்கட்டும்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் தையல் கடையில் சீருடை மலைபோல் குவிந்திருந்தது. ஓடுகிற மெஷினில் அம்மாவின் கட்டைவிரல் மாட்டி, ஊசி இறங்கி முனை உள்ளேயே ஒடிந்துவிட்டது. மாஸ்டர் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குப் போம்மா என்று கத்தினார். அம்மா இடுக்கியால் முனையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு துணிக்கு எத்தனை குத்து குத்துறோம், நமக்கு ஒண்ணு விழுந்தா குறைஞ்சா போவோம் என்று வெட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மிதிக்க உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் விரல் விண்விண் என்று தெறித்தது, அப்போதுதான் நம் வீட்டு டாக்டர் கிளம்பினாள், வேறு யார், நான்தான். அந்த பிஸ்கட் டப்பா உனக்கு ஞாபகம் இருக்கும். வெட்டுத்துணியில் ஒரு விரல்கடை மிஞ்சினாலும் ஒட்டுப் போட ஆகும் என்று எடுத்து வைக்கிற வீடு இது, மாத்திரையை மட்டும் விடுவோமா, காய்ச்சல் விட்டதும் மீதி டப்பாவுக்கு, வலி நின்றதும் மீதி டப்பாவுக்கு. நீ பல்வலிக்கு வாங்கிப் பாதியில் விட்டது, எனக்குக் காதில் சீழ் வந்தபோது வாங்கியது, அப்பா இருந்த காலத்து இருமல் மாத்திரைகூட அதில் கிடந்தது. அட்டையில் இருக்கிற பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன், படித்து என்ன, ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், சட்டைக்கு நிறம் பார்த்துப் பொத்தான் எடுப்பது, அதையே இங்கும் காட்டினேன். சிவப்பும் கறுப்புமாக இருந்தது பார்க்கவே உறைப்பாக இருந்தது, பெரிய காயத்துக்கு இதுதான் கேட்கும் என்று கொடுத்தேன். அது தீர்ந்ததும் ஏறக்குறைய அதே அளவில் மஞ்சள் ஒன்று இருந்தது, அதைக் கொடுத்தேன், பிறகு வெள்ளை. அம்மா ஒவ்வொன்றையும் விழுங்கிவிட்டு, என் பொண்ணு கைராசிக்காரி என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் வேறு பெருமை அடித்தாள். கைராசி நன்றாகவே வேலை செய்தது, விரல் நூல்கண்டு மாதிரி வீங்கி, நகத்தடியில் சீழ் கட்டிவிட்டது.

மாஸ்டரே கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா கீறிச் சீழை எடுத்து, கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம், முடிவு வர நாளாகுமாம். வேறே ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா, ஐயோ ஒண்ணுகூட இல்லைங்கம்மா என்றாள், திட்டு விழும் என்ற பயம். நானும் உண்மையைச் சொல்லாமல் தரையில் பதித்த கற்களின் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நேராகத்தான் இருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை, வீக்கம் துளியும் குறையவில்லை. சிவப்பாக ஒரு கோடு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியது, அம்மாவுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், அங்கேயே படுக்க வைத்தார்கள். எலும்புக்குள்ளே போயிட்டா விரல்லே மேல் கணுவை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா சிரித்துக்கொண்டே, கட்டைவிரல் இல்லாம ஊசியைப் பல்லாலேயா பிடிக்கிறது என்றாள். சிரித்தது வாய்தான், கண் இல்லை. தைக்காவிட்டால் அம்மா அம்மாவாக இருக்க மாட்டாள் அண்ணா, அது எனக்குத் தெரியும், அந்த விரலில் நான் என்னவெல்லாம் பரிசோதனை செய்தேன் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

டப்பாவை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் டாக்டரிடம் சொல்வதற்கு வாக்கியம் கட்டிக்கொண்டே போனேன், திரும்பி வந்து அவர் முன்னால் நின்றதும் கட்டியதெல்லாம் நூல் பிரிந்த மாதிரி உதிர்ந்துவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை, டப்பாவைத் திறந்தேன். மேஜைமேல் கவிழ்த்து, சிவப்பு கறுப்புக் காலி அட்டையை முதலில் வைத்தேன், பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை, காஜாத் துளைக்கு நேராகப் பொத்தான் வைப்பதுபோல வரிசையாக. டாக்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை யாரு கொடுத்தது என்றார், நான் என்னையே கையால் காட்டினேன். எதைப் பார்த்துக் கொடுத்தே என்றார், நிறம் என்றேன், ஆஸ்பத்திரியில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நான் கொடுத்துப் பலிக்காத சிவப்பு மாத்திரையும் டாக்டர் கொடுத்ததும் ஒரே மருந்துக் குடும்பமாம், அதனால் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அப்போதே வேறு மருந்தை ஊசி வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். பிறகு முடிவு வந்தது, நம் டப்பா மருந்து ஒன்றுக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. பாதியில் நிறுத்தினால் நோஞ்சான் கிருமிதான் சாகும், தாக்குப்பிடிக்கிற கிருமி பிழைத்துப் பெருகிவிடும், அடுத்த தடவை அந்த மருந்து அதைத் தொடாது என்று டாக்டர் சொன்னார். உங்க வீட்டை மட்டும் சொல்லலை, ஊரே இப்படித்தான் முழுங்குது, இது எங்கே தேறின கிருமியோ, யார் கண்டா என்றும் சொன்னார். அம்மா படுத்தபடியே கேட்டுவிட்டு, என் பொண்ணு எட்டாவதோட நின்னுட்டா, அவ வளர்த்த கிருமி மேல்படிப்பு படிச்சிருக்கு பாருங்க என்றாள். அன்றைக்குத்தான் அம்மாவின் கண்ணும் சிரித்தது.

விரல் பிழைத்தது அண்ணா. நகம் போய்விட்டது, நுனியில் உணர்ச்சி இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் கணு இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அம்மா திருந்திவிட்டாள் என்று நினைத்தாயா, நேற்று அட்டையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே, காயம்தான் ஆறிடுச்சே, இதை எடுத்து வை, உன் அண்ணன் வந்தா ஆகும் என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வாயைத் திற என்று ஒரு அதட்டுப் போட்டேன். பக்கத்து வீட்டு அத்தை, யாருடி அது, உங்க வீட்டுக்கு யாரு வந்திருக்கா என்று ஓடிவந்தாள். அம்மா மறு பேச்சில்லாமல் விழுங்கினாள், நானும் பயந்துபோய் அறைக்குள் ஒளிந்துகொண்டேன்.

இனி முக்கியமான விஷயம். நீ கிளம்பும்போது உன் குளிர்ச்சட்டையின் உள்பக்கம் அம்மா ஒரு பை வைத்துத் தைத்தாளே, அதில் இருப்பதும் இதே டப்பாச் சரக்குதான், நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தது நான். தொண்டை வலிக்கு அதில் இரண்டைப் போட்டேன், சரியாகிவிட்டது என்று போனில் சொன்னாயாம். டாக்டரிடம் கேட்டேன், ஆமாம், வாயால்தான் கேட்டேன். சளியால் வருகிற தொண்டை வலி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடுமாம், அதற்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாதாம். தையலைப் பிரித்து எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி அங்கே மருந்துக்கடையில் கொடுத்துவிடு. உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போ, என்னவெல்லாம் விழுங்கினாய் என்று ஒளிக்காமல் சொல், கொடுத்ததை முழுதாகச் சாப்பிடு. நம் டப்பா மாத்திரைகளை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்கள், டப்பாவை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன், இப்போது அதில் பொத்தான் போட்டு வைத்திருக்கிறேன், என் வைத்தியத்துக்கு அதுதான் பொருத்தம்.

நீ நீண்ட ஆயுசோடு, நினைத்தது கைகூடி இருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். பெயரை மட்டும் நானே போடுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறாள். கோணலாக வந்தாலும் பிரித்துத் தைக்க மாட்டாளாம், அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள்.

ஆசியோடு,
அ ம் மா

எழுதியது,
உன் ஊமைக்கோட்டான்