ஜன்னலில் யேசபேல்

மார்ச் 3, ஞாயிறு

போதகர் ரக்கர் இன்றைய பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லவில்லை. “நம்ம மெம்பிஸ்ல ஒரு பொண்ணு யேசபேல்னு பேர் வச்சுக்கிட்டு மேடையில ராப் பாடுது” என்று மட்டும் சொன்னார். மெம்பிஸில் அப்படி எத்தனை பேர் இருக்கிறார்களாம்? எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பிறகு அம்மா பக்கம்.

அம்மா வாசல் ஊழியக்காரி. வெள்ளை உடையும் கையுறையுமாகக் கதவருகே நின்று, வருகிறவர்களை உட்கார வைப்பவள். அங்கே நிற்கும் வரை பேசக் கூடாது, பாடக் கூடாது, கைதட்டவும் கூடாது. கல் மாதிரி நின்றாள்.

நான் தலை குனியவில்லை. எதற்குக் குனிய வேண்டும்?

மார்ச் 5, செவ்வாய்

கடையில் வாடிக்கைக்காரி ஒருத்திக்கு முடி பின்னிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், “ஊர்ல அத்தனை பேர் இருக்க, நாய் தின்ன அந்த ராணி பேருதான் கெடச்சுதா?”

நானா தேடிப் போனேன்? பதினைந்து வயதில் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு போனதற்கு, பாடகர் குழு முன்னால் இதே போதகர் என்னை அப்படிக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டினேன். தன்னைக் கொல்ல ஒரு படைத்தலைவன் வருகிறான் என்று தெரிந்தும் அந்த ராணி கெஞ்சவில்லை, ஒளியவில்லை. கண்ணுக்கு மையிட்டு, தலை சீவிக்கொண்டு, ஜன்னலில் வந்து நின்று அவனைப் பார்த்து எகத்தாளமாக ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகுதான் அவளை ஜன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள். நல்லவள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மை. அது போதும் எனக்கு.

நாலு பேர் முன்னால் நின்றால் டெவோனாவாகிய எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யேசபேலுக்கு ஒட்டாது.

மார்ச் 10, ஞாயிறு

போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கேக் வெட்டி வைத்தாள். சாப்பிட்டபடியே சொன்னார்:

“குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு டெவோனா சபை முன்னாடி மன்னிப்பு கேக்கணும். அந்தப் பேரை விட்டுடணும். இல்லேன்னா, சிஸ்டர் ஆர்லீதா, உங்களை வாசல்ல வச்சிருக்க முடியாது.”

“அந்தப் பேரை வச்சதே நீங்கதானே ஐயா.”

“நான் கண்டிச்சேன்.”

“நான் எடுத்துக்கிட்டேன்.”

அவர் கார் கிளம்பிய பிறகு அம்மா, “ரெண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டுனாரு. பாக்காத மாதிரி இருந்துட்டேன்” என்றாள்.

மார்ச் 11

அம்மாவுக்கு அந்த வாசல்தான் எல்லாம். அப்பாவை அடக்கம் பண்ணின வாரம்கூட அங்கேதான் நின்றாள். என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று போதகர் அவள் மேல் கை வைக்கிறார் — என்ன மனுஷன்யா இவன்?

மார்ச் 16, சனி

சாயங்காலம் நிகழ்ச்சி. மேடையில் உயரமாக ஒரு ஜன்னல் சட்டம். நான் அதில் நின்று நிதானமாக மையிடுவேன். “அவளைத் தள்ளு, தள்ளு” என்று கூட்டம் கத்த வேண்டும். யாரும் தள்ளும் முன்பே நானே குதித்து, அவர்கள் நடுவில் நின்று கடைசிச் சரணத்தைப் பாடுவேன்.

இன்று பின்வரிசையில் எங்கள் சபை சிஸ்டர் ஒடெசா. போதகர் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறார். ஆனால் அது சபையிலேயே வளர்ந்த வாய். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பிரசங்கத்துக்குச் சொல்வதுபோலவே, “சொல்லு மகளே” என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் அவளும்.

மார்ச் 20, புதன்

அம்மாவிடம் சொன்னேன்: “மன்னிப்பு கேட்டுடறேம்மா. வெறும் வார்த்தைதானே.”

பாத்திரம் கழுவிக்கொண்டே, “எனக்காகக் கேக்காத. அப்புறம் ஆயுசுக்கும் அதை எந்தலையில ஏத்திடுவ” என்றாள்.

கேட்பதா, வேண்டாமா? கேட்டால் யேசபேல் செத்தாள். கேட்காவிட்டால் அம்மாவின் வாசல் போச்சு.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

போதகர் கூப்பிட்டார், எழுந்து போனேன். மைக் முன்னால் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. யேசபேலைக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. சரி, நானே பேசிக்கொள்கிறேன்.

“எம்பேர் டெவோனா. யேசபேலும் நாந்தான். மன்னிப்பு கேக்க மாட்டேன்.”

சிஸ்டர் ஒடெசா கையிலிருந்த ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமென்.”

குரல் வாசலிலிருந்து வந்தது. திரும்பினேன். அம்மா கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 31, ஈஸ்டர்

வாசலில் வேறு ஒருத்தி நிற்கிறாள். எங்களை அவள்தான் உட்கார வைத்தாள். அம்மா மஞ்சள் உடையில் என் பக்கத்தில்.

முதல் பாட்டு தொடங்கியதுமே எழுந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டாள். சபையில் அம்மா பாடி இதுவரை நான் கேட்டதில்லை. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. போதகர் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார். அம்மா இன்னும் சத்தமாகப் பாடினாள்.