பதினேழு வருஷ மண்

மார்ச் 3
மேசைக்கு வந்த கோப்பில் அக்காவின் முகவரி. வங்கிக் கடனுக்காக ஃபிளாட் மதிப்பீடு. வாங்கப்போவது புதிதாகக் கல்யாணமான ஒரு நர்ஸ். 'என் அக்கா வீடு, நான் மதிப்பிடக் கூடாது' என்று எழுதி, அடுத்த மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். கட்டடம் நிற்பது குத்தகை நிலத்தில். இன்னும் பதினேழு வருஷம். பிறகு மண்ணும் சுவரும் நிலத்துக்காரருக்கு.

மார்ச் 4
அத்தான் இறந்த கையோடு அந்த வீட்டை வாங்கச் சொன்னது யார்? நான்தான். "நிலம் யாருதா இருந்தா என்னக்கா, வீடு நம்மளுது." வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் அப்போது. வாய்க்கொழுப்பு.

மார்ச் 7
அக்கா வந்தாள். இடது கண் போய்விட்டது, வலதும் மங்குகிறது. வீட்டை விற்றால்தான் மகள் வீட்டுப் பக்கத்தில் ஓர் அறை வாங்கமுடியும்.
"உன் ஆபீஸ்தானேடி. ஒரு வார்த்தை சொல்லேன்."
"முடியாதுக்கா. என்கூட வந்துடு."
"குழியில தள்ளினவளும் நீ, கைகொடுக்கிறவளும் நீயா?"
பஸ் வரைக்கும்கூட என் கையைப் பிடிக்கவில்லை. தடவித் தடவி ஏறினாள்.

மார்ச் 10
அடுத்த மேசைக்காரர் நல்ல மனுஷர். அதுதான் தொல்லை. "குத்தகையைப் புதுப்பிக்க வாய்ப்பு உண்டுன்னு ஒரு வரி சேர்த்துடவா? யாருக்குத் தெரியப்போகுது?"
முடியவே முடியாது என்று நிலத்துக்காரர் எழுதிய கடிதத்தை நானே படித்திருக்கிறேன். வேண்டாம் என்றேன். அந்த நர்ஸின் முகம்கூட எனக்குத் தெரியாது. கண்ணில் நின்றது அக்கா முகம்தான். அப்படியும் சொன்னேனே — என்ன ஜென்மம் நான்?

மார்ச் 11
சாப்பிடவில்லை.

மார்ச் 19
வங்கி கடன் தர மறுத்துவிட்டது. நர்ஸ் விலகிக்கொண்டாள். அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா அழவே இல்ல. அதான் பயமா இருக்கு."

ஏப்ரல் 2
ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மே 16
நேரிலேயே போனேன். படிக்கட்டின் கைப்பிடியில், மாடிக்கு ஒன்றாகத் துணி முடிச்சுகள். எந்த மாடி என்று கை அறிவதற்கு. மூன்றாவது முடிச்சில் நின்று கதவைத் தட்டினேன்.
"யாரு?"
"நான்தான்க்கா."
திறந்தாள். முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. பிறகு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு, "உள்ள வாங்க" என்றாள்.