பாய்மரப் படகில் ஃபோர்த் சீட்

மாதுங்கா,
திங்கட்கிழமை

சௌபாக்கியவதி அம்முவுக்கு அப்பா ஆசீர்வாதம் செய்து எழுதியது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், இந்தத் தடவை அது வழக்கத்துக்கு எழுதும் சௌக்கியம் இல்லை, நிஜமாகவே சௌக்கியம். ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பிடுங்கிக்கொண்டு முக்கால்வாசியைத் தானே சொல்லிவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்குப் பாய்மரப் படகு புக் பண்ணியிருக்கிறாய் என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா பாத்ரூமில் விழுந்ததிலிருந்து யார் கையையாவது பிடிக்காமல் ஹாலுக்குக்கூட வராதவள், உன் பிரசவத்துக்கே வரமாட்டேன், அங்கே வந்து விழுந்தால் அம்முவுக்கு நான் இன்னொரு குழந்தை என்று அழுகிறவள், அவளைப் போய் யாராவது கடலுக்கு அனுப்புவார்களா என்று பக்கத்து பிளாட் பத்ரியிடம் கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே, ஒரு கையை நீங்க பிடிச்சுக்கோங்கோ, இன்னொண்ணை நான் பிடிச்சுக்கறேன் என்றான்.

நாங்கள் இரண்டு பேர், பத்ரி, அவன் மனைவி, வாஷியிலிருந்து உன் சித்தப்பா, இவ்வளவு பேரும் நேற்று கேட்வே படகுத்துறையிலிருந்து கிளம்பினோம். இன்ஜின் கிடையாது, காற்றுதான். படகோட்டி நசீர் தங்கமான மனுஷன், பாய் ஒரு பக்கம் போனால் நீங்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் மாறி உட்கார வேண்டும் என்று முன்னாலேயே சொன்னார், நாங்களும் பெரிதாகத் தலையாட்டினோம். அம்மா தயிர்சாதத் தூக்கை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கரை சின்னதானதும் நசீர் பாயைத் திருப்பி, உதர், உதர் என்று எதிர்ப் பலகையைக் காட்டினார். ஆயுசு பூராவும் லோக்கல் ட்ரெயினில், மூன்று பேர் சீட்டில் ஃபோர்த் சீட் என்று வரும் நாலாவது ஆளுக்கு நகர்ந்து இடம் விட்டுப் பழகிய உடம்பாயிற்றே, எழுந்திருக்க யாருக்குத் தோன்றியது? இருந்த இடத்திலேயே ஆளுக்கு அரை அங்குலம் நகர்ந்தோம். படகு எங்கள் பக்கமே சாய்ந்து தண்ணீர் முதுகில் அடித்தது. உன் சித்தப்பா இன்னும் கொஞ்சம் நகர்ந்தான்.

அப்போது அம்மா தூக்கை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை. நேராக எதிர்ப் பலகைக்குப் போய் உட்கார்ந்து, இதென்ன தாதர் ஃபாஸ்ட் ட்ரெயினா, எல்லாரும் எழுந்து இந்தப் பக்கம் வாங்கோ என்று அதட்டினாள். நாங்கள் போய்ச் சேர்ந்து படகு நிமிர்ந்த பிறகுதான் தான் செய்தது அவளுக்கே உறைத்தது. காலைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள், நானும் அழுதேன். நசீருக்கும் சேர்த்துத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தாள், மாவடு போதவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை அம்மு, பெற்ற பெண்ணுக்கு நன்றி சொல்லக் கூடாது என்பார்கள், நான் சொல்கிறேன்.

வெயிட் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். பகவான் உங்களை நன்றாக வைக்கட்டும். இன்று காலை எழுந்தால் வீட்டில் அம்மாவைக் காணோம், தனியாக மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கி வந்திருக்கிறாள். உன் பிரசவத்துக்கு வர மறக்காமல் எங்களுக்கு இரண்டு பிளேன் டிக்கெட் போடு. அவளுக்கு ஜன்னல் சீட் வேண்டுமாம், யார் கேட்டாலும் நகரமாட்டாளாம்.

உன் அன்பு அப்பா,
வெங்கடராமன்