எல்லாவற்றிலும் என்னுடையது

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் தாலாய் வந்து நின்றான். "ஜீபெக் அக்கா, உங்க பிராஞ்சை மெயினோட சேத்து அஞ்சு வாரம் ஆச்சு. தினம் கொஞ்சம் கொஞ்சமா சேத்துட்டா கடைசியில அடிதடி இருக்காது."

என் தனிப் பிரதியில் எழுதுவதை எல்லோருக்கும் பொதுவான பிரதியில் தினமும் சேர்க்க வேண்டுமாம். எனக்குப் பாடம். ஆம்புலன்ஸ் அனுப்பும் இந்த மென்பொருளை முதல் வரியிலிருந்து எழுதியவள் நான். இவன் வந்து ஒன்றரை வருடம். பாதி வெந்ததை ஊர் தட்டில் வைக்க எனக்குப் பிடிக்காது. முடித்த பிறகுதான் சேர்ப்பேன். "சரிங்கக்கா" என்று போய்விட்டான். அந்தப் பணிவுதான் எரிச்சல்.

மார்ச் 20, வியாழன்

சேர்த்தாயிற்று. அறுபத்திரண்டு இடங்களில் என் வரிகளும் மற்றவர்கள் வரிகளும் மோதின. நாளை நூருஸ் புத்தாண்டு விடுமுறை. என் அக்கா வீட்டில் பண்டிகைச் சுமோலோக் கஞ்சி கிண்ட ஆள் இல்லையென்று போன் மேல் போன். முடித்துவிட்டு ஓடினேன்.

மார்ச் 25, செவ்வாய்

பிஷ்கெக்கில் தெருக்களுக்குப் பெயர் மாற்றி எத்தனை வருடமானாலும் வயதானவர்கள் வாயில் பழைய பெயர்தான். நேற்று ஒரு அம்மாள், கணவருக்கு வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது என்று அழைத்து, பழைய பெயரைச் சொல்லியிருக்கிறார். அதே பெயரில் ஊருக்கு வெளியே இருக்கும் தெருவுக்கு வண்டி போயிருக்கிறது. நாற்பது நிமிடம் தாமதம். உயிர் பிழைத்தார், பேச்சு வரவில்லை.

பழைய பெயர்களைப் புதியவற்றோடு பொருத்துவது தாலாயின் வேலை. எல்லோர் முன்னாலும் கேட்டேன். "லாகைப் பாருங்கக்கா, யாரு எப்ப எதை மாத்தினாங்கன்னு அதுல இருக்கும்" என்றான்.

"நீ எழுதினதுக்கு நான் எதுக்கு லாக் பாக்கணும்? சாக்கு சொல்லாத."

கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

மார்ச் 26, புதன்

தவறு யாருடையது, சாயங்காலத்துக்குள் ஒரு பெயர் வேண்டும் என்று மேலிடத்தில் நெருக்குகிறார்களாம். "யாரு?" என்றார் எங்கள் தலைவர் கனிபெக். சொன்னேன்.

வேலை போய், தாலாய் தன் கோப்பையைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான். கைக்குழந்தைக்காரன், பாவம்தான். ஆனால் வேலை என்றால் வேலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

அந்தப் பகுதியை நானே எழுத உட்கார்ந்து, அவன் என்ன கிறுக்கியிருந்தான் பார்க்கலாம் என்று லாகைத் திறந்தேன். பிப்ரவரியில் முந்நூற்று நாற்பது தெருக்கள், ஒவ்வொன்றும் பழைய பெயரும் புதிய பெயருமாக. குறை சொல்ல ஒரு வரி இல்லை. அத்தனையும் ஒரே நொடியில் அழிந்திருக்கிறது. மார்ச் 20, மாலை 5.47. சேர்த்தவர் பெயர் ஜீபெக்.

நான்தான் — படிச்சுக்கூடப் பாக்கல. ஒவ்வொரு மோதலுக்கும் 'என்னுடையதை வை', 'என்னுடையதை வை'ன்னு அமுக்கிட்டே போனேன். என் பிரதி ஜனவரியோடது. அதுல அவன் எழுதின தெருப் பட்டியலே கிடையாது. என்னடி அவ்வளவு அவசரம் உனக்கு? பாருன்னு சொன்னானே. பாத்தா கை தேஞ்சா போயிடும்?

ஏப்ரல் 9, புதன்

கனிபெக்கிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. எழுந்து கதவைச் சாத்தினார். "அவன் பேரை எழுதி மேலிடத்துக்குக் கடிதம் போயாச்சு ஜீபெக். அவன் எழுதினதைத் திரும்பச் சேத்துடு. வெளியில பேசாத."

சேர்த்துவிட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

தாலாயைக் கூப்பிட்டேன். டாக்ஸி ஓட்டுகிறான். லாகில் பார்த்ததைச் சொன்னேன்.

"தெரியுங்கக்கா. அன்னிக்கே பாத்துட்டேன்."

"கனிபெக்கிட்ட காட்டியிருக்கலாம்ல?"

"காட்டினேன். 'உன்னை மாதிரி ஆள் கிடைப்பாங்க, ஜீபெக் மாதிரி கிடைக்க மாட்டாங்க'ன்னார். ஆள் ஏறிட்டாங்கக்கா, வைக்கிறேன்."

கனிபெக் என்னை எதுவும் கேட்காமல் விட்டதை இவ்வளவு நாளும் என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

தாலாயின் இடத்துக்குப் புது ஆள். வந்த அன்றே லாகைப் புரட்டிவிட்டு, "மார்ச் இருபதுல இவ்வளவையும் யாரு அழிச்சது?" என்று அறைக்கே கேட்கும்படி கேட்டான். கனிபெக் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"நான்தான்" என்றேன்.

எல்லோர் காதிலும் விழுந்தது. அவரவர் திரைக்குத் திரும்பிக்கொண்டார்கள். மதியம் வழக்கம்போல லக்மான் நூடுல்ஸ் வாங்கி வந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள்.