சாய்த்து மாட்டிய படம்

மஞ்சக்குப்பம், கடலூர்
28.4.2025

அன்புள்ள மலருக்கு,

நான் நலம். நீயும் உன் கேமராவும் நலமா? போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

உன் பெரிய பிச்சாவரம் படத்துக்கு நான் தங்கக் கலர் பிளாஸ்டிக் சட்டம் போட்டேன். "காட்டைப் புடிச்சு பிளாஸ்டிக்குல அடைக்கிறீங்களே" என்று சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய். நம் ஃபிரேம் கடைக்கு வருகிறவர்கள் மினுமினுப்பைத்தானே கேட்கிறார்கள்! போகட்டும். அந்தப் படத்துக்குச் சட்டத்தை மாற்றி நம் கூடத்தில் மாட்டிவிட்டேன். உன் கண்காட்சிக்கு மற்ற ஒன்பது படங்களையும் சட்டம் போட்டு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். சட்டமெல்லாம் இடித்த வீட்டுக் கதவுத் தேக்கு. வார்னிஷ் இல்லை, தேன்மெழுகுதான். பின்பக்கம் தெர்மோகோல் இல்லை, அட்டைதான். சுற்றியிருப்பது என் வேட்டி. நீயே கொண்டுவந்து கொடு.

உன் இளவரசு

*

சிதம்பரம்
3.5.2025

திரு. இளவரசு அவர்களுக்கு,

படங்கள் வந்தன. கதவில் இருந்த ஆணி ஓட்டைகளை அடைக்காமல் விட்டது அழகாக இருக்கிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

பதினேழாம் தேதி கண்காட்சி. சுரபுன்னை வேரில் நண்டு ஏறுகிற அந்தப் பெரிய படம்தான் நுழைந்ததும் கண்ணில் பட வேண்டும். ஒரு படத்துக்கு ஒரே பிரதி என்பது என் கொள்கை, இன்னொன்று அச்சடிக்க மாட்டேன். அனுப்பிவையுங்கள். சாமி படம் மாதிரி சாய்த்துத்தான் மாட்டியிருப்பீர்கள். சுவரோடு ஒட்டி மாட்டச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

மலர்க்கொடி

*

மஞ்சக்குப்பம்
7.5.2025

அன்புள்ள மலருக்கு,

மாமா மாமா என்று கூப்பிட்ட வாய், கட்டிய புருஷனுக்கு 'திரு' போடுகிறது. இருக்கட்டும்.

படத்தை அனுப்ப முடியாது. கோபப்படாமல் படி. சாய்த்துத்தான் மாட்டினேன். பின்னால் இருந்த சந்தில் ஒரு சிட்டுக்குருவி ஜோடி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. நேற்று கழற்ற ஏணி போட்டேன். பெட்டைக்குருவி ஜன்னலில் உட்கார்ந்து, சண்டையன்று நீ பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தது. இறங்கிவிட்டேன். குஞ்சுகள் பறக்கும்வரை பொறுத்துக்கொள்.

உன் இளவரசு

*

சிதம்பரம்
10.5.2025

திரு. இளவரசு அவர்களுக்கு,

கதை ஜோர். என்னை வரவழைக்கக் குருவியை இழுக்கிறீர்கள்.

இது என் முதல் கண்காட்சி. முழங்கால் சேற்றில் நின்று எடுத்த படம் அது. புதன்கிழமை அண்ணன் செம்பியன் வேனோடு வருவான். படத்தைக் கொடுக்காவிட்டால் இனிமேல் கடிதமும் வேண்டாம், நானும் வர மாட்டேன்.

மலர்க்கொடி

*

சிதம்பரம்
19.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

அண்ணன் வெறுங்கையோடு வந்தான். "நீயும் அவரோட சேர்ந்துட்டியா?" என்று கத்தினேன். அவன் சொன்னான்: "எப்படிக் கழட்டறது? உள்ள குஞ்சு கத்துது. மச்சான் ஈரத்துண்டைப் போத்திக்கினு உக்காந்திருக்காரு. குருவி அடிபட்டுடும்னு ஃபேனே போடறதில்ல. மறந்துபோய்ப் போட்டுடக் கூடாதுன்னு சுவிட்ச்சு மேல டேப்பு ஒட்டி வச்சிருக்காரு."

அக்னி நட்சத்திரத்தில், ஃபேன் இல்லாமல்! ஊருக்கெல்லாம் இயற்கையைப் பற்றிப் பேசுகிற நான் இங்கே ஃபேனுக்கடியில் படுத்துக்கொண்டு உங்களைப் பொய்யர் என்று திட்டியிருக்கிறேன். அழுதுவிட்டேன் மாமா.

கண்காட்சி நன்றாக நடந்தது. முன்சுவரை வெறுமையாக விட்டு ஓர் அட்டை மட்டும் வைத்தேன்: 'இங்கே இருக்க வேண்டிய படத்தின் பின்னால் ஒரு குருவிக் குடும்பம் குடியிருக்கிறது. அதனால் படம் வர இயலவில்லை.' எல்லோரும் அந்த வெறுஞ்சுவர் முன்னால்தான் கூடி நின்றார்கள். "எத்தனை குஞ்சுங்க?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுச் சங்கதி எனக்கே தெரியாமல் நின்றது வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். படம் சாய்ந்தே இருக்கட்டும். வேட்டியைத் துவைத்து வைத்திருக்கிறேன். பனையோலை விசிறியும் இரண்டு வாங்கிவிட்டேன், உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் வீசிவிடுவேன் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

உங்கள் மலர்