பவி, உன் குரலைச் சுற்ற விடலாமா

என் கண்ணு பவி,

உன் கூட்டாளி ஷாகினா காலேஜ் மலருக்கு உன்னைப் பற்றி எழுதித் தரச் சொன்னாள். உன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்வது, உனக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். "அப்படியே எழுதுங்க அத்த, நீங்க பேசற மாதிரி இருக்கட்டும். ஆனா நாலு பக்கத்துக்கு மேல போவாதீங்க" என்றாள். என்னை நன்றாகத்தான் எடைபோட்டு வைத்திருக்கிறாள். நீ சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு எப்படித் தெரியும்?

இங்கே அடி அண்ணாமலையில் எல்லாம் அப்படியேதான் நடக்கிறது. பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. கடையில் சுக்குக் காப்பிக்கு இப்போது உன் மாமாதான் வெல்லம் போடுகிறார். ஒரு வாரம் பாயசம், ஒரு வாரம் கஷாயம். வருகிறவர்கள் சாமி கும்பிட வந்தவர்கள் என்பதால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

மாடியில் உன் ஆன்டெனா நிற்கிறது. இங்கே தங்கிப் படித்தபோது, பிளாஸ்டிக் குழாயில் மேஸ்திரி அளவெடுக்கிற இரும்பு டேப்பை வெட்டி வெட்டிக் கட்டினாயே, அதுதான். நீ அதைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துத் திரிந்தபோது எதிர்வீட்டுக்காரி, "இன்னா உங்க அண்ணன் பொண்ணு, காவடி கீவடி எடுக்கிறாளா?" என்று கேட்டாள். டிவி சரி பண்ணுகிறாள் என்று சொல்லி வைத்தேன். செயற்கைக்கோள் என்று சொன்னால் அதற்கும் நான்தானே விளக்கம் சொல்ல வேண்டும்.

எனக்கே நீ எத்தனை தடவை சொன்னாய். காலேஜ் பிள்ளைகள் நீங்களே ஒன்று செய்கிறீர்கள், ராக்கெட்டில் ஓரமாக இடம் கொடுத்திருக்கிறார்கள், அது மேலே போய் பூமியைச் சுற்றி வரும், அதில் ரேடியோ வேலை உன்னுடையது. நான் விடவில்லை. "பிரம்மாவே அன்னமாப் பறந்து போயி உச்சியப் பாக்க முடியாம திரும்பி வந்தாரு. நீங்க டப்பாவ அனுப்பப் போறீங்களா?" என்றேன். "அவரு உச்சியத் தேடிப் போனாரு அத்த. நாங்க எதையும் தேடல, சும்மா சுத்தத்தான் போறோம்" என்றாய். உன்னிடம் வாய் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்தேன்?

ஒருநாள் அதைக் காட்ட என்னைக் காலேஜுக்குக் கூட்டிப்போனாய். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கோயில் மாதிரி இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. ஏதோ தேர் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனால், நம் வீட்டு டிபன் டப்பா அளவுக்குத்தான் இருந்தது.

"இவ்ளோதானாடி?"

"இவ்ளோதான் அத்த. இதுக்கே எல்லாரும் தூக்கம் கெட்டுக் கெடக்கிறோம்."

முந்தானையில் முடிந்துவைத்திருந்த விபூதியை எடுத்தேன். அவ்வளவுதான், பிள்ளைகள் எல்லாம் பாம்பைக் கண்ட மாதிரி எழுந்துவிட்டார்கள்.

"அத்த, அத்த, தூசி ஆவாது. ஒரு துளி உள்ள போனாலும் வீணாயிடும்."

"அண்ணாமலையார் விபூதி தூசியாடி உனக்கு?"

நீ சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கி நெற்றியைக் காட்டினாய். "எனக்கு வெச்சி வுடு. நான் இது பக்கத்துலயேதான் இருக்கப் போறேன்."

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்த ஐப்பசி மழையில்தான் அந்தக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று ரசம் வைத்துக் கொடுத்தோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், ரத்தத்தில் ஏதோ இறங்குகிறது என்றார்கள். அது இறங்கிக்கொண்டே போனது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை பவி. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வேண்டிக்கொண்டு நம் வாசலைத் தாண்டி நடந்து போகிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் அண்ணாமலையார் காதில் விழுகிறது. கூப்பிடு தூரத்திலேயே பிறந்து வளர்ந்த என் குரல் மட்டும் அவருக்கு ஏன் விழவில்லை?

சரி, நான் சொல்ல வந்த சேதிக்கு வருகிறேன்.

காரியம் எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஷாகினா என்னைத் தேடி வந்தாள். உன் அப்பாவைப் பார்க்க வேண்டும், தனியாகப் போக பயமாக இருக்கிறது, கூட வாருங்கள் என்றாள். உங்கள் ஊருக்கு பஸ் ஏறினோம். வழி முழுக்க நான்தான் பேசினேன், அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். ஷாகினா மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, சேட்டிலைட்லேந்து ஒரு குரல் வரும். உலகத்துல ரேடியோ வெச்சிருக்கிற யார் வேணா கேக்கலாம். டெஸ்ட் பண்றதுக்குன்னு பவி பேசி வெச்சதுதான் இப்ப உள்ள இருக்கு. அதையே அனுப்பலாம்னு எல்லாரும் ஆசப்படறோம். பெட்டிய மூடிக் குடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது. நீங்க சரின்னு சொன்னாத்தான்."

அந்தப் பெண் அண்ணனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னொரு வார்த்தையும் சேர்த்தாள். "அவ குரல் நிக்காதுப்பா. சுத்திக்கினே இருக்கும்."

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் காட்சி பார்க்காமல் போன பெண்ணைப் பற்றி யாராவது 'சுத்துது' என்று சொன்னால், பெற்றவன் காதுக்கு அது என்னவாகக் கேட்கும்? அண்ணன் எழுந்துவிட்டார்.

"என் பொண்ணு சுத்திக்கினு இருக்கக் கூடாதுன்னுதான் ஐயரு சொன்னது, பூசாரி சொன்னது, எல்லாத்தையும் செஞ்சிட்டு வந்திருக்கிறேன். நீ இன்னாம்மா, டப்பால போட்டு சுத்த வுடறேன்னு சொல்ற?"

ஷாகினா மிரண்டுபோனாள். நான் சும்மா இருப்பேனா. "இன்னாண்ணா நீ, சுத்தறதுன்னா தப்பா? மாசா மாசம் ஊரே வந்து மலைய சுத்தலையா? புண்ணியம்னுதானே சுத்தறோம்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நாம சுத்திட்டு வூட்டுக்கு வர்றோம். அது எங்க வரும்?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற அத்தை என்று கேலி பண்ணுவாயே, அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்த பயம் எனக்கும் இருந்தது. பஸ்ஸில் அத்தனை பேசினது அதை மறைக்கத்தான்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து நாங்கள் இரண்டு பேரும் போனோம். பம்பு செட்டைத் தாண்டி, உன்னை வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. பிறகு அவர்தான் கேட்டார்.

"அது எப்பம்மா நிக்கும்?"

ஷாகினாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நிக்காதுப்பா. கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். ரெண்டு வருஷமோ, கொஞ்சம் கூடக் கம்மியோ. அப்புறம் காத்துக்குள்ள வந்து எரிஞ்சிடும்." தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணும் மிஞ்சாதுப்பா. மன்னிச்சிடுங்க."

"எரிஞ்சிடுமா?"

"ஆமாம்பா."

கல்யாணமாகாத பிள்ளையை எரிப்பது நம்மில் வழக்கமில்லை. உன்னை மண்ணில்தான் வைத்தோம். அண்ணன் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முடிவு இருக்குதுல்ல" என்றார். "அப்ப அது அலையறது இல்ல. போவட்டும்."

ஷாகினா அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்தோம். அண்ணி கதவோரத்தை விட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவ போடும்மா, கேக்கறேன்" என்றாள். ஷாகினா செல்போனை மேசைமேல் வைத்தாள். முதலில் கரகரவென்று இருந்தது. பிறகு நீ.

"அலோ, அலோ. திருவண்ணாமலைலேந்து பவித்ரா பேசறேன். கேக்குதா? அத்த, கேக்குதா? கேக்குதுன்னா ஒரு வார்த்த சொல்லு."

அந்த டெஸ்ட் அன்றைக்கு நீ காலேஜ் மாடியில் நின்றாய், நான் நம் மாடியில் உன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். நடுவில் மலை. எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் நீ போன் போட்டு, சாமி மறைக்கிறார் அத்த, மேலே போனால் மறைக்க மாட்டார் என்றாய். அப்போது நீ என்ன பேசினாய் என்று நான் கேட்டதே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பாய் என்று நினைத்தேன்.

அண்ணி சொன்னாள், "சளி புடிச்சிருக்குது அவளுக்கு." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். "நீ ஒண்ணு செய்யணும். போனவங்க கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாது. சொன்னா திரும்பிப் பாப்பாங்க. வழி தவறிடும். இவ உன்னயில்ல கூப்பிடறா."

"நான் ஏன்ணா சொல்லப் போறேன்."

"உன் வாய எனக்குத் தெரியும்."

அந்தத் துக்கத்திலும் அண்ணி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்புதானா என்று எனக்கு நிச்சயமில்லை.

பெட்டியை மூடிக் கொடுத்தாகிவிட்டது பவி. தை பிறந்ததும் மேலே போகும் என்று ஷாகினா சொல்கிறாள். நம் தலைக்கு மேல் எப்போது வரும் என்று சொல்லி அனுப்புவாளாம், அப்போது உன் ஆன்டெனாவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மாமாவுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் இங்கேயே வந்து தங்கப்போகிறார்கள். உன் அப்பா மாடியேறுவாரா, கீழேயே நின்றுவிடுவாரா, தெரியவில்லை.

நான் மாடியில் இருப்பேன். நீ கேட்பாய். உலகத்தில் யார் யாரோ உனக்குப் பதில் சொல்லலாம், நான் சொல்லக் கூடாது. நீ பேசி நான் பதில் பேசாமல் இருந்த நாள் ஒன்றாவது உண்டா? ஆனாலும் இருப்பேன். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாவது இருப்பேன். நீ திரும்பிப் பார்க்காமல் உன் சுற்றை முடித்துக்கொண்டு போக வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

அதனால் நீ இன்னும் தரையில் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

கேக்குது கண்ணு. நல்லா கேக்குது.

இனிமேல் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்கிற,
உன் அப்பாவின் தங்கச்சி,
உன் அத்தை