காதில் பஞ்சு வைத்த வாரம்

மங்களூர்

என் கோமளாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமா இருக்கணும். வீடியோ கால்ல நீ பேசுற கை பாதிதான் தெரியுது, அதான் எழுதுறேன்.

ஐஸ் கம்பெனி வேலைல காதுல சீழ் வச்சி, டாக்டரு ரெண்டு காதையும் பஞ்சால அடைச்சிட்டாரு. பயப்படாத, இப்ப நல்லா கேக்குது. ஆனா அந்த வாரம் பூரா நானும் உன்னை மாதிரிதான்.

வேலைக்குக் கஷ்டமில்ல. நம்ம ஊரு போட்ல இன்ஜின் சத்தத்துல நாங்க காட்டுற கைஜாடையே இங்கயும் போதும். சோறு தின்னும்போதுதான் பேஜாரு. ரூம்ல எல்லாரும் சிரிப்பானுங்க. இன்னாடான்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு கையை ஆட்டுவானுங்க. வந்திச்சே கோவம்! சொன்னாத்தான் சோறுன்னு குண்டானைத் தூக்கி மடியில வச்சிக்கினேன். அப்புறம்தான் ஒருத்தன் நடிச்சிக் காட்டுனான்: நான் தூக்கத்துல அவன் போர்வைய வலைன்னு நெனச்சி இழுத்தேனாம்.

பழவேற்காட்டுக் கரையில வலை பிரிக்கும்போது பொம்பளைங்க சிரிச்சா, நீயும் இன்னான்னு கேளு. சொல்ற வரைக்கும் விடாத.

மடவைக் கருவாடு கொஞ்சம் குடுத்தனுப்பு. ஷிப்ட்டு வண்டி வந்திடுச்சி.

ஒண்ணு மறந்துட்டேன். வீட்ல நான் லைட்ட ரெண்டு தடவ அணைச்சிப் போட்டுத்தானே உன்னைக் கூப்பிடுவேன்? அந்த வாரம் இங்க கரண்டு போய்ப் போய் வந்திச்சி. நீதான் கூப்பிடுறேன்னு திரும்பிட்டேன்.

உன்
தேசிங்கு